தீயணைக்கப் போன வண்டியே ஏன் கவிழ்கிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அக்கா கேட்டிருந்தார். அவருடைய பெறாமகன், அதாவது தங்கச்சியின் மகன், அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். பகலில் கணினி வேலை, மற்ற நேரத்தில் அந்த ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படையில் ஓர் ஆள். போன மாதம் வைக்கோல் கொட்டகை ஒன்று எரிகிறதென்று அழைப்பு வந்திருக்கிறது. தண்ணீர் வண்டியில் ஏறிப் போனவர்கள் கொட்டகையைக் காணவே இல்லை. வழியில் ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்துவிட்டது. பெறாமகனுக்குத் தோள் எலும்பு முறிந்தது, ஓட்டியவர் இன்னும் ஆஸ்பத்திரியில். அக்கா கேட்பது நான்கு கேள்வி: உதவிக்குப் போகிற வண்டி எப்படிக் கவிழும்? ஓட்டினவரின் பிழையா? கொழும்பில் இப்படி நடக்குமா? பிள்ளையை விலகச் சொல்லவா?

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன், அக்கா. நான் தீயணைப்பு வீரன் இல்லை. இருபது வருடத்துக்குக் கிட்ட கனரக வாகனம் ஓட்டினேன், அதில் ஆறு வருடம் தண்ணீர் பவுசர். பிறகு மற்றவர்களுக்கு ஓட்டப் பழக்கினேன். இப்போது பேலியகொடை, வத்தளைப் பக்கத்துக் களஞ்சியசாலைகளில் ஊழியர்களைச் சேர்த்து அமைக்கும் தீயணைப்புக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அந்த வேலைக்காகவே அமெரிக்காவில் இப்படிப்பட்ட விபத்துகளைப் பற்றி எழுதி வைத்திருப்பவற்றை நிறைய வாசித்திருக்கிறேன். அங்கே எழுதி வைக்கிறார்கள், அது அவர்களிடம் உள்ள நல்ல பழக்கம்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, அது பள்ளிக்கூடக் கணக்கு. அமெரிக்கக் கிராமங்களில் ஓடும் பெரிய தண்ணீர் வண்டி ஒன்று 3,000 கலன் கொள்ளும். அவர்களுடைய கலன் நம் அப்பாமார் அளந்த கலனைவிடச் சிறியது, 3.785 லீற்றர்தான். அப்படியிருந்தும் கூட்டிப் பார்த்தால் 11 தொன்னுக்கு மேல் வருகிறது. வண்டியின் சொந்த எடை அதற்குப் புறம்பு.

எடை மட்டுமென்றால் பரவாயில்லை. சீமெந்தோ கம்பியோ ஏற்றினால் ஏற்றிய இடத்திலேயே கிடக்கும். தண்ணீர் கிடக்காது. பிரேக் பிடித்தால் முன்னுக்கு ஓடிவந்து தள்ளும். திருப்பினால் வளைவின் வெளிப்பக்கம் ஏறும். அதைச் சமாளிக்க நீங்கள் ஸ்டியரிங்கை மற்றப் பக்கம் திருப்பும் நேரம் பார்த்து அது திரும்பி வந்து மோதும். டாங்கி நிறைய இருந்தால் அசைய இடமில்லை, காலி என்றால் அசையத் தண்ணீரில்லை. அரைவாசிதான் ஆகக் கூடாத நிலை.

இதை நான் கொழும்பு லிப்டன் சுற்றுவட்டத்தில் பட்டுப் படித்தேன். கட்டட வேலை நடக்கும் ஓர் இடத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த காலம். விடியற்காலை நான்கு மணி, தெருவில் நாய்கூட இல்லை. வண்டியில் பாதித் தண்ணீர். வெறும் தெருதானே என்று கொஞ்சம் வேகமாகவே வட்டத்தைச் சுற்றினேன். வண்டி வலப்பக்கம் திரும்பத் திரும்ப, தண்ணீர் முழுவதும் இடப்பக்கச் சுவரில் ஏறிவிட்டது. வலப்பக்கப் பின்சில்லு நிலத்தை விட்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். எந்த வீதியென்றும் பார்க்காமல் அடுத்து வந்த வாயில் நேரே வெளியே விட்டேன், சில்லு தொப்பென்று இறங்கியது. பக்கத்தில் இருந்த பொடியன் கதவில் தலையை இடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தான். அந்த வண்டியில் பெல்ட்டே இருக்கவில்லை. டாங்கியின் உள்ளே தண்ணீர் அலையாமல் மறிக்கும் தடுப்புத் தகடுகளும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. முதலாளிக்குச் சொன்னபோது, "அப்ப மெல்லமா ஓடு" என்றார். அவர் சொன்னதிலும் பிழை இல்லைதான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 50 மீற்றர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போனால், பக்கவாட்டில் இழுக்கும் விசை வண்டியின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு. அதே வளைவில் 50இல் போனால் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கிட்ட. வேகம் கூடியது 10 கிலோமீற்றர்தான், இழுவை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. பாரம் ஏற்றிய உயரமான கனரக வண்டிகள் பல, இந்த இழுவை எடையில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டினாலே கவிழத் தொடங்கும். 40இல் போனவர் வீட்டுக்குப் போவார், 50இல் போனவர் வாய்க்காலுக்குள். கார் என்றால் கவிழுமுன் சறுக்கும், டயர் கத்தும், ஓட்டுகிறவருக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கும். பவுசர் எச்சரிக்காது. முன்னால் இருக்கிறவருக்குப் பின்பாகம் சாய்வது தெரியும்போது காரியம் முடிந்திருக்கும்.

இன்னொரு சங்கதி. கிராமத்துத் தொண்டர் படைகளிடம் காசு குறைவு. புதிய தீயணைப்பு வண்டி நம் வீட்டு விலையைவிடப் பெரிய விலை. அதனால் எண்ணெய் கொண்டுபோன பழைய பவுசர், பால் கொண்டுபோன பவுசர், இராணுவம் கழித்த லொறி என்று வாங்கிச் சிவப்புப் பூசித் தீயணைப்பு வண்டியாக்குவது அங்கே நெடுநாள் வழக்கம். இதில் இரண்டு சிக்கல் இருக்கின்றன. பெட்ரோல் தண்ணீரைவிட இலேசு, லீற்றருக்கு முக்கால் கிலோ அளவுதான். பெட்ரோலுக்கென்று கட்டிய 10,000 லீற்றர் டாங்கியில் தண்ணீர் நிரப்பினால் இரண்டரைத் தொன் அதிகம். அச்சு, பிரேக், டயர் ஒன்றுமே அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பால் டாங்கியில் வேறு பிரச்சினை. கழுவிச் சுத்தமாக வைக்கவேண்டும் என்பதற்காக அதன் உள்ளே தடுப்பு ஒன்றும் வைக்கமாட்டார்கள், வழவழவென்று இருக்கும். பாலுக்கு நல்லது. தண்ணீருக்கு அது ஒரு ஊஞ்சல்.

1990களின் அமெரிக்க விபத்துகளை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். எண்ணிக்கையில் மிகக் குறைவாக உள்ள இந்தத் தண்ணீர் வண்டிகளில் இறந்த வீரர்கள், பம்பு வண்டியிலும் ஏணி வண்டியிலும் இறந்தவர்களைக் கூட்டினாலும் அதைவிட அதிகம். பிறகு சட்டதிட்டம் இறுகியது. அங்கே தீயணைப்பு வண்டி எப்படிக் கட்டப்படவேண்டும் என்று சொல்லும் 1901ஆம் இலக்கத் தரநிலை ஒன்று இருந்தது, 2024இல் அதை வேறொரு தரநிலையோடு சேர்த்துவிட்டார்கள். அதன் 2009 பதிப்பின்படி 1,250 கலனுக்கு மேல் தண்ணீர் கொள்ளும் வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 60 மைல், நம் கணக்கில் 96 கிலோமீற்றர், அதற்கு மேல் ஓடாதபடி கட்டவேண்டும். கவிழ்வதைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு வேண்டும், அது இல்லையென்றால் வண்டியைச் சாய்மேடையில் 26.5 பாகை சாய்த்துக் காட்டவேண்டும். யார் பெல்ட் போட்டார், என்ன வேகம் என்று பதிவு செய்யும் கருவியும் வேண்டும். நல்ல விதி. ஆனால் அது புதிதாகக் கட்டும் வண்டிக்கு. 1988இல் வாங்கி இன்னும் ஓடும் வண்டிக்கு யார் போய்ச் சொல்வது?

சரி, தொண்டர்கள் பக்கம் வருவோம். நமக்குத் தொண்டர் என்றால் திருவிழாவில் நெஞ்சில் பட்டி குத்திக்கொண்டு கயிறு பிடிக்கும் பொடியன்கள்தான் ஞாபகம் வரும். அங்கே அப்படி இல்லை. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தொண்டர்கள். பென்சில்வேனியாவில் அது இன்னும் அதிகம், அங்கே இது முந்நூறு வருடக் கதை. பெஞ்சமின் பிராங்ளின் பிலடெல்பியாவில் அயலவர்களைச் சேர்த்துத் தீயணைப்புக் கழகம் தொடங்கியது 1736இல். பெரிய நகரங்கள் பிறகு சம்பளப் படைக்கு மாறிவிட்டன, கிராமங்கள் மாறவில்லை.

உங்கள் பெறாமகன் எப்படித் தீக்குப் போகிறான் என்று பாருங்கள். அவன் நிலையத்தில் இருப்பதில்லை. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பான், இடுப்பில் உள்ள கருவி அலறும். கையைக் கழுவிவிட்டு சொந்தக் காரில் நிலையத்துக்கு ஓடுவான். அந்தக் காரில் நீல விளக்கு பூட்டலாம், ஆனால் பென்சில்வேனியாச் சட்டப்படி அது மற்றவர்களிடம் மரியாதையாக வழி கேட்பதற்கு மட்டும். சிவப்பு விளக்கைத் தாண்டவோ வேக எல்லையை மீறவோ அது உரிமை தராது. பலபேர் அதை மறந்து, நிலையத்துக்கு வரும் வழியிலேயே சொந்தக் காரில் செத்துப்போயிருக்கிறார்கள். தங்கச்சியிடம் இதையும் சொல்லுங்கள். எல்லோரும் பெரிய வண்டியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், ஆபத்து வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

நிலையத்துக்கு வந்து, உடுப்புப் போட்டு, வண்டி கிளம்பும்போது ஏற்கனவே எத்தனையோ நிமிடம் போயிருக்கும். சம்பளப் படைக்கு அங்கே உள்ள இலக்கு 80 செக்கனில் வண்டி ஏறவேண்டும், 4 நிமிடத்தில் போய்ச் சேரவேண்டும் என்பது. கிராமத்துத் தொண்டர் படைக்கு 14 நிமிடத்தில் ஆறு பேர் சேர்ந்தால் போதும் என்று தளர்த்தி வைத்திருக்கிறார்கள். தீ மாத்திரம் கிராமத்துக்கென்று தளர்ந்து எரிவதில்லை. இந்தக் காலத்து ஸ்பொஞ்ச் மெத்தையும் பிளாஸ்டிக் சாமானும் உள்ள அறை, பரிசோதனைகளில் நான்கு, ஐந்து நிமிடத்துக்குள் மொத்தமாகப் பற்றிக்கொண்டது. ஆகவே ஓட்டுகிறவருக்கு இழந்த நேரத்தைத் தெருவில் பிடித்துவிடவேண்டும் என்ற எண்ணம் வருவது இயற்கை. நானென்றாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பிடிக்க முடியுமா? 5 கிலோமீற்றர் தூரம் என்று வையுங்கள். 60இல் போனால் 5 நிமிடம். 80இல் போனால் 3 நிமிடம் 45 செக்கன். மிச்சம் 75 செக்கன், அதுவும் ஒரு வளைவும் சந்தியும் இல்லாத கற்பனைத் தெருவில். 1995இல் வட கரோலினாவின் கிரீன்வில் நகரில் அம்புலன்ஸ்களை வைத்து அளந்து பார்த்தார்கள். விளக்கும் சைரனும் போட்டுப் போனதில் மிச்சமானது சராசரி 43.5 செக்கன். அந்தச் சின்ன மிச்சத்துக்காக 11 தொன் தண்ணீரோடு ஒரு வளைவைப் பந்தயம் வைக்கிறோம். தோற்றால் இரண்டு நட்டம்: கொட்டகைக்குத் தண்ணீர் இல்லை, அதோடு அடுத்த வண்டி கொட்டகையை விட்டுவிட்டு உங்களைக் காப்பாற்ற வரவேண்டும்.

உங்கள் பெறாமகனின் வண்டி வளைவில் கவிழ்ந்தது என்கிறீர்கள். அப்படி நடப்பதற்கு மிகவும் அடிக்கடி எழுதப்பட்ட காரணம் ஒன்று உண்டு. அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும். கிராமத் தெரு ஒடுக்கம், ஓரத்தில் சரளைக்கல். வலப்பக்கச் சில்லு தார் விளிம்பை விட்டு இறங்கிவிடும். பழக்கமில்லாத கை உடனே இடப்பக்கம் வெட்டும். சில்லு விளிம்பில் உரசி உரசி நின்று, திடீரென்று ஏறும். ஏறியவுடன் வண்டி இடப்பக்கம் பாயும், திரும்ப வலப்பக்கம் வெட்டுவார்கள், அதற்குள் தண்ணீர் தன் வேலையைக் காட்டும். ஓரத்தில் இறங்கினால் செய்யவேண்டியது வெட்டாமல் இருப்பதுதான்: கால் எடுத்து, அப்படியே ஓரத்திலேயே ஓட விட்டு, வேகம் விழுந்த பிறகு மெல்ல ஏற்றுவது. இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். கைக்குப் பழக்க ஆறு மாதம் வேண்டும். மாதத்துக்கு இரண்டு தரம் பவுசர் ஏறுகிற கடைக்காரருக்கோ ஆசிரியருக்கோ அந்த ஆறு மாதம் எங்கிருந்து வரும்?

ஓட்டினவரின் பிழையா என்ற கேள்விக்கு அதனால் ஒரே சொல்லில் பதில் சொல்லமாட்டேன். பொலிஸ் ஒரு முடிவு எடுக்கும், காப்புறுதி ஒரு முடிவு எடுக்கும். அங்கத்தைய சட்டம் அவசர வண்டிக்குச் சில சலுகை கொடுக்கிறது, ஆனால் மற்றவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. அவ்வளவுதான் சட்டம். எனக்குப் பிடித்தது வேறொன்று. வீரர் ஒருவர் கடமையில் இறந்தால் ஆராய்வதற்கென்று 1998இல் அரசாங்கத் திட்டம் ஒன்று அங்கே தொடங்கினார்கள். அவர்கள் வந்து வண்டியை அளப்பார்கள், டயர் பார்ப்பார்கள், டாங்கியின் உள்ளே பார்ப்பார்கள், பயிற்சிப் பதிவுகளைக் கேட்பார்கள். எழுதும் அறிக்கையில் யார் குற்றம் என்று இருக்காது, ஆட்களின் பெயரும் இருக்காது. அடுத்த ஊர்ப் படை எதை மாற்றவேண்டும் என்று மட்டும் இருக்கும். நம் ஊரில் பஸ் ஒன்று பிரண்டால் முதலில் சாரதியைத் தேடி அடிப்போம், பிறகு மாலைப் பத்திரிகை, பிறகு மறதி. பிரேக் எப்படி இருந்தது என்று எழுதி வைத்த ஒரு துண்டுக் கடதாசியை நான் தேடி அலுத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் தயக்கமில்லாமல் சொல்வேன்: பெல்ட். உங்கள் பெறாமகன் தோள் எலும்போடு தப்பியதற்கு, அவன் போட்டிருந்தால், அதுதான் காரணம். தண்ணீர் வண்டி விபத்துகளில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பெல்ட் போட்டிருக்கவில்லை. வண்டி உருளும்போது வெளியே வீசப்பட்டார்கள், அதே வண்டி மேலே விழுந்தது. தீயணைப்பு வீரர்கள் பெல்ட் போடாததற்கு அசட்டை மட்டும் காரணமில்லை. கனத்த உடுப்போடு பெல்ட் எட்டாது, வண்டி ஓட ஓடத்தான் காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டுவார்கள். 2005இல் டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரில் ஏணி வண்டியில் போன ஓர் இளம் வீரர் அப்படி உடுப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, வண்டி திரும்ப, கதவு திறந்துகொள்ள, தெருவில் விழுந்தார். இரண்டு நாளில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு, பெல்ட் போடாமல் வண்டி நகராது என்று வீரர்கள் கையெழுத்து வைக்கும் ஓர் உறுதிமொழி நாடு முழுவதும் பரவியது.

இனிக் கொழும்பு. இங்கே தொண்டர் படை கிடையாது. கொழும்பு மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவு சம்பளம் வாங்கும் முழுநேர ஆட்களின் படை. தலைமை நிலையம் பழைய டார்லி வீதியில், இப்போது டி. பி. ஜாயா மாவத்தை. எண் 110, எழுதி ஒட்டி வையுங்கள். 1990 என்பது அம்புலன்ஸ், நிறையப் பேர் தீக்கும் அதையே அடிக்கிறார்கள். இலங்கை முழுக்கவே தீயணைப்பு உள்ளூர் சபைகளின் பொறுப்பு என்பதால், சபைக்கு வசதி இருந்தால் வண்டி இருக்கும். 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது அந்த மாவட்டத்தில் தீயணைப்பு வண்டியே இருக்கவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது. அமெரிக்கக் கிராமங்கள் ஏன் ஓட்டை வண்டியை என்றாலும் வாங்கி வைத்திருக்கின்றன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வளைவில் உருளும் விபத்து கொழும்பு நகருக்குள் குறைவாகத்தான் இருக்கும். நல்ல ஓட்டம் காரணமில்லை, ஓட இடமில்லை. பகல் பதினொரு மணிக்கு ஆமர் வீதிச் சந்தியில் எந்த வண்டியால் 80இல் போகமுடியும்? புறக்கோட்டைக்குள் கெய்சர் வீதியிலோ குறுக்குத் தெருக்களிலோ தீப்பிடித்தால், லொறியிலிருந்து மூட்டை இறக்கும் நாட்டாமைமாரும் தள்ளுவண்டியும் விலகும்வரை தீயணைப்பு வண்டி நடந்துதான் போகவேண்டும். எங்கள் ஆபத்து சந்திகளில், அதிலும் இரவிலும் அதிகாலையிலும். தெரு காலியாக இருக்கும், கலர் லைட் எங்கள் பக்கம் பச்சை, எதிர்ப்பக்கம் சைரனோடு வருகிறவர் தனக்கு வழி விடுவார்கள் என்று நம்புகிறார்.

சைரனைப் பற்றி ஒரு பெரிய மயக்கம் இருக்கிறது. சைரன் வழி கேட்கும் கருவி, வழி எடுக்கும் கருவி இல்லை. கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, ரேடியோ பாடும் காருக்குள் அது சந்திக்குக் கிட்ட வந்த பிறகுதான் கேட்கும். கேட்டாலும் எந்தப் பக்கம் என்று தெரியாது, கட்டடங்கள் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அடிக்கும். சைரன் போட்டுக்கொண்டு போகும் இரண்டு வண்டிகளுக்கு ஒன்றின் சத்தம் மற்றதற்குக் கேட்காது. ஒரே தீக்கு இரண்டு பக்கத்திலிருந்து வந்த இரண்டு தீயணைப்பு வண்டிகள் சந்தியில் மோதிக்கொண்ட சம்பவங்கள் அமெரிக்காவில் உண்டு. அதனால்தான் அங்கே நல்ல படைகளில், சிவப்பு விளக்குக்கு முழுதாக நிறுத்தி, ஒவ்வொரு நிரலிலும் நிற்கும் சாரதியின் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். சைரன் போட்டவுடன் ஓட்டுகிறவரின் கால் தன்னை அறியாமல் அழுத்தும் என்பதும் அங்கே எல்லோரும் பேசும் விஷயம். நான் சைரன் வண்டி ஓட்டியதில்லை. ஆனால் கலியாண ஊர்வலத்தில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனபோதே என் கால் அழுத்தியது ஞாபகம் இருக்கிறது.

நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், பயிற்சியில் எல்லோரும் கேட்பார்கள். தீயணைப்பு வண்டி சிவப்பாக இருப்பது பழக்கம்தான், இரவில் மனிதக் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. டல்லஸ் நகரில் நான்கு வருடப் பதிவுகளை எடுத்துப் பார்த்த 1995 ஆய்வில், எலுமிச்சை மஞ்சளும் வெள்ளையுமான வண்டிகள் சிவப்பு வண்டிகளைவிடக் குறைவாகவே விபத்தில் மாட்டின. ஆனாலும் உலகம் சிவப்பை விடவில்லை. சிவப்பில்லாவிட்டால் பிள்ளைகளே நம்பாது.

நம் தெருவில் நீங்களும் நானும் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். காலி நகருக்குப் போகும் காலி வீதியில் போகும்போது பின்னால் சைரன் கேட்டால் பதறி நடுச் சந்தியில் நிற்காதீர்கள். சந்தியைத் தாண்டி இடப்பக்கம் ஒதுங்குங்கள். ஓட்டோவில் போனால் சாரதியின் தோளைத் தட்டிச் சொல்லுங்கள், பாட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. ஒரு வண்டி போனவுடன் வெளியே பாயாதீர்கள், தீக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் வரும், அடித்துப்போடுவது இரண்டாவதுதான். முதல் வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு நெரிசலைக் கடக்கும் மோட்டார் சைக்கிள்காரர்களைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் பதறும். வெயில் காலம் முடிந்து வரும் முதல் மழையில் இன்னும் கவனம்: தெருவில் ஊறிய எண்ணெய் எல்லாம் மேலே மிதக்கும், கனரக வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. வெசாக் இரவில் தோரணம் பார்க்கக் கூட்டம் தெருவை அடைத்து நிற்கும்போது பிள்ளையின் கையை விடாதீர்கள், வண்டி எந்தப் பக்கத்தாலும் வரும்.

விலகச் சொல்லவா என்று கேட்டீர்கள். என் அபிப்பிராயம், சொல்லவேண்டாம். அவன் விலகினால் அந்த ஊரில் அடுத்த கொட்டகைக்கு ஓர் ஆள் குறையும். அதோடு, விழுந்து எழும்பியவன் அடுத்த முறை பெல்ட்டை இறுக்குவான், பக்கத்தில் இருக்கிறவனையும் இறுக்க வைப்பான். ஆனால் அவனிடம் சில விஷயம் கேளுங்கள். அந்த வண்டி தீக்கென்றே கட்டியதா, வேறு எதற்கோ கட்டி மாற்றியதா? ஓட்டுகிறவர்கள் தண்ணீர் ஏற்றிய வண்டியில் எத்தனை மணித்தியாலம் பழகினார்கள், அல்லது வெறும் வண்டியில் பழகிவிட்டு நேரே தீக்குப் போனார்களா? பாதித் தண்ணீரோடு திரும்பி வரும் வழக்கம் உண்டா? எல்லோரும் பெல்ட் போட்டாயிற்று என்று ஒருவர் சத்தமாகச் சொல்லும்வரை வண்டி நகராமல் நிற்கிறதா, அல்லது ஓட ஓட உடுப்பு மாட்டுகிறார்களா? வேகம் கூடுகிறது என்று தோன்றினால் பின்னால் இருக்கும் இளையவன் "மெல்ல" என்று சொல்லலாமா, சொன்னால் மூத்தவர் ஏசுவாரா?

கடைசிக் கேள்விக்கு அவன் சிரித்து மழுப்பினால், அப்போது தங்கச்சி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வேறு படையில் சேரச் சொல்லலாம், அந்தப் பக்கம் பக்கத்து ஊருக்கு ஒன்று இருக்கும். கேட்டுவிட்டு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அக்கா. கவிழ்ந்த அந்த டாங்கியின் உள்ளே தடுப்புத் தகடு இருந்ததா இல்லையா என்று எனக்கு அறிய ஆவலாக இருக்கிறது.